நீச்சலுடையும் நேர்மையும்
2009-இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் பிறந்தன. வீரர்கள் ஓராண்டுக்குள் அவ்வளவு மேம்பட்டுவிடவில்லை, உடைதான் மாறியிருந்தது. பாலியூரித்தேனால் ஆன முழுவுடல் உடைகள் உடலை இறுக்கி, நீரில் சற்று உயர்த்தி மிதக்க வைத்து, இழுவையைக் குறைத்தன. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பால் பீடர்மன், மைக்கேல் ஃபெல்ப்ஸை 1 நிமிடம் 42 விநாடியில் வென்றார். ஃபெல்ப்ஸ் அணிந்திருந்தது முந்தைய ஆண்டு வந்த உடை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அந்த நேரத்தை யாரும் எட்டவில்லை.

2010 ஜனவரி முதல் விதி கடுமையானது. துணியால் ஆன உடை மட்டுமே. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை. ஓட்டக்காரர்களின் காலணி மேம்படும்போது நீச்சலுக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் அதே உடையைக் கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுத்தாலும் சிக்கல் தீராது. மிதக்க வைக்கும் உடை எல்லா உடல்வாகுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை. பயிற்சியால் பெற்ற மிதப்பையும் விலைக்கு வாங்கிய மிதப்பையும் கடிகாரத்தால் பிரித்தறிய முடியாது. தடை சரியானதே. அந்த உடைகளில் எட்டிய நேரங்களைத் தனிப்பட்டியலில் வைக்காமல் விட்டதுதான் பிந்தைய வீரர்களுக்கு இழைத்த அநீதி.