உங்களுக்குத் தெரியுமா? ஒரு குதிரைப் பந்தயத்துக்காக விடுமுறை

நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் அரசாங்க விடுமுறை விடப்படுவதற்குக் காரணம் மதப் பண்டிகையோ, தேசத் தலைவர் ஒருவருடைய ஜயந்தியோ அன்று. பிளெமிங்டன் மைதானத்தில் நடைபெறுவதும், இக்காலத்தில் பெரும்பாலும் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுவதுமான மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயமே. 1861-ஆம் வருஷத்தில் ஆரம்பமான இதில் முதல் இரண்டு வருஷங்களும் ஜயித்தது ஆர்ச்சர் என்னும் குதிரை. பழைய இரண்டு மைல் தூரம் 1972 முதல் 3,200 மீட்டராயிற்று.

சாமர்த்தியம் மிகுந்த குதிரைக்கு அதிக பாரமும் மற்றவற்றுக்குக் குறைந்த பாரமும் ஏற்றிச் சமப்படுத்துவது இப்பந்தயத்தின் விதியாதலால், கீர்த்தி பெற்ற குதிரைகளுக்கே இங்கே சோதனை அதிகம்.

அந்தச் சோதனையை வென்று, 1930-இல் 62 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துடன் முதலாவதாக வந்த பார் லாப், பொருளாதார மந்தத்தால் தொழிலிழந்து வாடிய ஜனங்களின் உள்ளத்துக்கு அளித்த உத்ஸாகம் சாமானியமானதன்று. 1932-இல் கலிபோர்னியாவில் அது திடீரென்று மாண்டபோது தேசமே துக்கித்தது. அதன் இருதயம் கான்பெராவிலும், தோலைக் கொண்டு அமைத்த உருவம் மெல்போர்னிலும், எலும்புக்கூடு அது பிறந்த நியூஸிலாந்தின் வெலிங்டனிலும் காட்சிச்சாலைகளில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு பிராணியிடம் மனிதர் வைத்த அன்புக்கு இதனினும் பெரிய சான்றை நான் அறியேன்.

2003 முதல் 2005 வரை தொடர்ந்து மூன்று முறை ஜயித்த மக்கைபி திவா ஒரு பெண் குதிரை. ஆயினும், சவாரி செய்த பெண்ணொருத்திக்கு, மிஷெல் பெய்னுக்கு, அவ்வெற்றி 2015-இல்தான் கிட்டியது.