எடுத்துக்காட்டையும் ஓட்டிப் பாருங்கள்

“புத்தகத்தில் 7 / 2 என்பதற்கு விடை 3 என்று போட்டிருக்கிறது. என் கணினியில் 3.5 வருகிறதே, எது சரி?” என்று பைத்தான் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கணினி சொல்வதுதான் இன்றைய விடை. பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் கிடைக்கும்; 2008-இல் வந்த பைத்தான் 3 அதை மாற்றிவிட்டது. பழைய விடை வேண்டுமானால் 7 // 2 என்று எழுத வேண்டும்.

இப்படிக் காலாவதியான எடுத்துக்காட்டுகளைப் பிடித்துக்கொடுக்கும் கருவி 2001 முதல் பைத்தானுடனேயே வருகிறது. டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட் அது. விளக்கக் கோப்பில் இந்த இரண்டு வரி இருக்கிறது என்று வையுங்கள்:

>>> 7 / 2
3

மூன்று குறி போட்ட வரியை டாக்டெஸ்ட் தானே ஓட்டி, வந்த விடையைக் கீழ்வரியோடு ஒப்பிடும். பொருந்தினால் பேசாது. பொருந்தாவிட்டால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எதிர்பார்த்தது 3, கிடைத்தது 3.5 என்று எழுதிக் காட்டும். ரஸ்ட், கோ மொழிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு.

எனக்குப் பிடித்தது டாக்டெஸ்டின் பிடிவாதம். பைத்தானில் ‘செட்’ என்று ஒன்று உண்டு. அதன் உறுப்புகளுக்கு வரிசை கிடையாது. மா, பலா, வாழை என்று சொற்களைப் போட்டு ஓட்டினால் ஒரு தடவை பலா முன்னால் வரும், இன்னொரு தடவை வாழை. உறுப்பை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய, பைத்தான் சொல்லிலிருந்து கணக்கிடும் எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த எண்ணோடு புதிதாக ஒரு தற்செயல் எண்ணைக் கலப்பதே காரணம். ஒரே ஹாஷ் விழும் சொற்களாகப் பொறுக்கி அனுப்பிச் சர்வரைத் திணறடிப்பவர்களைத் தடுக்க, 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இதுவே வழக்கம். என் அம்மா மளிகைச் சீட்டோடு பொட்டலங்களைச் சரிபார்க்கும்போது, புளி முதலில் வந்ததா பருப்பு முதலில் வந்ததா என்று பார்க்கமாட்டார். எல்லாம் வந்ததா என்றுதான் பார்ப்பார். டாக்டெஸ்ட் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். வரிசை மாறினால் தவறு என்றே சொல்லும். செட்டை அப்படியே காட்டாமல், வரிசைப்படுத்திக் காட்டுவதுதான் நேர்வழி.

பலர் அந்த வழிக்குப் போவதில்லை. தவறு என்று வந்ததும், ‘இதைச் சோதிக்காதே’ என்று டாக்டெஸ்டுக்குச் சொல்லும் ‘ஸ்கிப்’ குறிப்பை அந்த வரியில் போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு அது சோதித்த எடுத்துக்காட்டு போலவே தெரியும். முதன்முதலாக நிரல் எழுத வரும் பிள்ளை, விடை பொருந்தாவிட்டால் தன்னைத்தான் சந்தேகிக்கும். விளக்கம் எழுதுகிறவர்களே, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் உங்கள் கோப்புகளை ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்கிப் போட்ட வரிகளிலிருந்து தொடங்குங்கள்.