புரோகிராமைக் குறை சொன்னார்கள். பழுது டிஸ்க்கில் இருந்தது!

தாராவியில் ஓர் ஊர்ச் சங்கம். நெல்லைச் சீமையில் இருந்து பிழைக்க வந்தவர்கள் கூடி நடத்துவது. மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் பணம் கொடுக்கும்.

முன்பு எல்லாம் நீளமான பேரேடுதான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பேரேட்டைக் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டார்கள். யார் எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

உறுப்பினர் ஒருவர் இறந்து போனார். அவருடைய மனைவி பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர் போக வேண்டும். நாகர்கோவில் வண்டியில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அதற்குள் பணம் கொடுக்க வேண்டும். கணக்கு பார்க்காமல் கொடுக்கச் சங்க விதியில் இடம் இல்லை.

பொருளாளர் கம்ப்யூட்டரில் இறந்தவர் பெயரைத் தட்டினார். திரை வெளுத்தது. "புரோகிராம் பதில் தரவில்லை" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் எதுவும் அசையவில்லை.

வேறு பெயர்களைத் தட்டினால் வந்தன. அந்தப் பெயரும், அதை ஒட்டிய இன்னும் சில பெயர்களும்தான் வரவில்லை.

மூன்று தடவை

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் படித்த பையன் ஒருவன் உண்டு. அவனை அழைத்து வந்தார்கள். "புரோகிராம் கெட்டுப் போச்சு" என்றான். அதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். அதே பெயரில், அதே மாதிரி நின்றது. வைரஸ் என்று சந்தேகப்பட்டுத் தேடினான். கிடைக்கவில்லை. இன்னொரு தடவை ஏற்றினான். மூன்றாம் தடவையும் ஏற்றினான்.

பையன் மேல் குற்றம் இல்லை. கண்ணுக்குத் தெரிவது புரோகிராம்தான். ஆனால் புரோகிராமைப் புதிதாக ஏற்றினாலும், கணக்கு எழுதிய ஃபைல் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதே இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் கவனித்திருக்க வேண்டும். ஒரு வண்டி தினமும் ஒரே கிலோமீட்டர் கல் அருகே ஆட்டம் கொடுத்தால் டிரைவரை மாற்றிப் பயன் உண்டா? தண்டவாளத்தை அல்லவா பார்க்க வேண்டும்! அப்படிப்பட்ட இடம் வருகிறது என்று ரயில்வேயில் டிரைவர் கையில் எச்சரிக்கைச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரும் அப்படி ஒரு சீட்டு எழுதி வைக்கத்தான் செய்கிறது. எடுத்துப் படிப்பவர்தான் இல்லை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது சுழலும் வட்டு வகை ஹார்ட் டிஸ்க். மேஜைக் கம்ப்யூட்டரில் இந்த வட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை வட்டைத் தொடாமல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. வட்டின் பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு செக்டர் என்று பெயர்.

ஒரு செக்டர் பழுதானால் டிஸ்க் உடனே கைவிடுவது இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. அது வரைக்கும் புரோகிராம் காத்துக் கிடக்கிறது. பார்க்கிறவருக்கு, புரோகிராம் செத்துவிட்டது போலத் தோன்றுகிறது.

பழுதான செக்டர்களுக்குப் பதிலாகப் பயன்படுத்த, டிஸ்க்கில் உபரி செக்டர்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை செக்டரை மாற்றியது, எத்தனை படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கிறது என்று டிஸ்க் தானே கணக்கு வைக்கிறது. இதற்கு 'ஸ்மார்ட்' பதிவு என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் இதைப் பார்க்கலாம். 05 என்ற வரி மாற்றப்பட்டவை. சி5 என்ற வரி நிலுவையில் உள்ளவை. சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைவிட, அதை இணைக்கும் கேபிள் மேல்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். கேபிள் சில்லறைக் காசு, மாற்றிப் பார்த்துவிடலாம். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. அதன் 'சிஸ்டம்' பகுதியில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7-ம் எண் குறிப்பு இருந்தால், பழுதான செக்டர் தட்டுப்பட்டது என்று பொருள்.

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதியது. பரப்பைச் சோதிக்கையில் முதல் பழுது தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். செயலிழந்தவற்றில் 100-க்கு 56-க்கு மேல், முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்விட்டன! ஆகவே பதிவு சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பித் தூங்கிவிட முடியாது.

"கையை எடுங்க, அண்ணாச்சி"

சங்கச் செயலாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, லாமிங்டன் ரோட்டுக்குப் போனார். அங்கே பழுது பார்க்கும் தமிழர் ஒருவர் பதிவைப் பார்த்தார். சி5 வரியில் பூஜ்யம் இல்லை.

"இதைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். செக் டிஸ்க் என்ற கட்டளையைச் சொல்கிறார்.

"இன்னைக்கு ராத்திரி போடலாம்னு பையன் சொன்னான், தம்பி."

"நல்ல வேளை. இனிமே இதில் கையை வைக்காதீங்க, அண்ணாச்சி. முதல்ல நகல் எடுக்கணும். ரிப்பேர் அப்புறம்."

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். செக் டிஸ்க் நல்ல கருவிதான். மின்சாரம் திடீரென்று போய் ஃபைல் அட்டவணை குழம்பினால் அது சரி செய்யும். ஆனால் அது காப்பாற்றுவது அட்டவணையை. உங்கள் கணக்கை அல்ல. பழுது தேடும் 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்து ஓட்டினால், டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். சேதமான ஃபைலைத் துண்டு துண்டாக வேறு பெயரில் ஒதுக்கிப் போடுவதும் உண்டு.

கடைக்காரர் முதலில் படிக்க முடிந்த சிறு ஃபைல்களை வெளியே எடுத்தார். பிறகு பழைய டிஸ்க்கையும் புது டிஸ்க்கையும் லினக்ஸ் மிஷினில் மாட்டி, டிடி ரெஸ்க்யூ என்ற இலவசப் புரோகிராமை ஓட விட்டார். அது பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் நகல் எடுக்கும். பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பார்க்கும். எது வரை முடித்தது என்று குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

நகல் முடிந்த பிறகே, புது டிஸ்க்கில் செக் டிஸ்க்கை ஓட்டினார். விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரி பார்க்க எஸ்.எஃப்.சி. கட்டளையையும் போட்டார்.

டிஸ்க் நன்றாக இருந்து, ஒரே ஒரு புரோகிராம் மட்டும் தகராறு செய்தால் அது வேறு விஷயம். அப்போது பையன் செய்ததே சரி. தகராறு ஒரு புரோகிராமோடு நிற்காமல் மற்ற ஃபைல்களும் திறக்கத் தாமதமானால், டிஸ்க்கில் இருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். சத்தம் வரும் டிஸ்க்கை உடனே நிறுத்திவிடுவது நல்லது. சுழலாத எஸ்.எஸ்.டி. வகையில் சத்தமே கிடையாது. ஒரு நாள் காலையில் பேசாமல் போய்விடும்.

தகர டப்பா

சங்கக் கணக்கு ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்தது. இறந்தவர் கணக்கில் மூன்று மாதச் சந்தா மட்டும் படிக்க முடியவில்லை. கட்டினாரா, இல்லையா? கமிட்டியில் பேச்சு எழுந்தது. செயலாளர் தயக்கத்தோடு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனார்.

அந்த அம்மாள் பரணில் இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். கணவர் கட்டிய ரசீதுகள் அத்தனையும் நூலால் கட்டி அதில் இருந்தன. அந்த மூன்று மாதமும் இருந்தது.

வண்டி புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை பணம் கொடுக்கப்பட்டது. இப்போது மாதக் கடைசியில் சங்கக் கணக்கை இரண்டு நகல் எடுக்கிறார்கள். ஒன்று பொருளாளர் வீட்டில், ஒன்று செயலாளர் வீட்டில். பரணில் கிடந்த பேரேடும் கீழே இறங்கிவிட்டது.