திருவலைக்கு ஓர் இடம் வேண்டும்!

முன்வாசல் பக்கம் போகாதீர்கள். அங்கே போனால் சோபாவில் உட்காரவைத்து, தேநீர் தந்து, போன வருடப் பயணத்தின் படங்களைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். நமக்கு வேண்டியது பக்கவாட்டில், குப்பைத் தொட்டிகளுக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே ஒளிந்திருக்கும் சின்னக் கதவு. தட்ட வேண்டாம், தள்ளினாலே திறக்கும். பார்த்து! காலடியில் கேபிள்.

வந்துவிட்டோம். மேற்கு சிட்னியில், டூங்காபியில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கராஜ் இது. காருக்காகக் கட்டிய அறைதான். ஆனால் கார் தெருவில் நிற்கிறது. உள்ளே ஓடாத ட்ரெட்மில்லின் மேல் இரும்புக் குழாய்கள், அரிசி மூட்டைமேல் ஆங்கிள் கிரைண்டர், பொங்கலுக்கு மட்டும் இறங்குகிற பெரிய பானைக்குள் போல்ட்டும் நட்டும். இதற்கெல்லாம் நடுவே, நான்கு மரக்கட்டைகளின் மேல், பெயின்ட் காணாத, இன்னும் ஒட்டாத ஒரு இரும்புச் சட்டம். அதைப் பார்க்கத்தான் வந்தோம். காட்டுக்கும் பாலைக்கும் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற ட்ரெய்லர். கூடாரம், அடுப்பு, தண்ணீர், ஃப்ரிட்ஜ் எல்லாம் இதற்குள்தான் போகப்போகின்றன. மொத்தமே ஏழடிக்கு நாலடி.

இந்த ஊரில் இவை கடையில் கிடைக்கும், விதவிதமாக. "வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். வேலை நின்றது. வீட்டுக்கார அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்கலாம் தங்கச்சி. ஆனா கடையில வாங்கினது நடுக்காட்டில முறிஞ்சா ஆரைக் கேக்கிறது? இது முறிஞ்சா, எங்க முறிஞ்சிருக்கும் எண்டு எனக்கு இப்பவே தெரியும்."

மூலையில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் சிரிக்கிறார் பாருங்கள், அவர் பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியர், ஓய்வுபெற்ற வெல்டர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அண்ணை எப்போது தன் வேலையைப் பற்றிப் பெருமை பேசுகிறார் என்பது மட்டும் அவருக்கு எந்த மொழியிலும் புரிந்துவிடும்.

தரையைக் கொஞ்சம் பாருங்கள். சாக்பீஸில் ட்ரெய்லரின் முழு அளவுப் படம். அச்சு, நீளமான இழுவைக்கம்பு, சக்கரம் வரும் இடம். அதன் குறுக்கே ரோஸ் நிறச் சாக்பீஸில் இன்னொரு படம்: அண்ணையின் மகள் நொண்டி விளையாடும் எட்டுக்கோடு. சாக்பீஸும் அவளுடையது என்பதால் அழிக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அச்சு வரவேண்டிய இடம் சரியாக ஏழாம் கட்டத்தில் விழுந்திருக்கிறது. அதனால் கராஜில் இப்போது எல்லோருமே, அந்த ஆஸ்திரேலியர் உட்பட, அச்சை "நம்பர் ஏழு" என்றுதான் சொல்கிறார்கள்.

சுவரில் ஆணியடித்துத் தொங்கும் பழைய படத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போர் ஜீப்பும் அதன் பின்னால் ஒரு குட்டி ட்ரெய்லரும். எனக்கு மிகவும் பிடித்த கதை இதில் இருக்கிறது. 1940இல் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப்பைச் செய்து கொடுத்தது பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரிலிருந்த பேண்டம் என்ற சின்னக் கம்பெனி. பெரிய ஆர்டரோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பேண்டமுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஜீப்பின் பின்னால் இழுக்கிற கால் டன் ட்ரெய்லர் செய்கிற வேலை! தண்ணீர் புகாத தொட்டி, ஆற்றில் இறக்கினால் மிதக்கும். ஜீப்பைப் பெற்றவர்கள் கடைசியில் அதன் வாலைச் செய்து பிழைத்தார்கள். இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ வீட்டுக் கராஜ்களில் உருவாகும் ட்ரெய்லர்கள் அந்த வாலின் பேரப்பிள்ளைகள்தான்.

சரி, வெயிலுக்கு வருவோம். மேற்கு சிட்னி வெயிலை லேசாக எண்ணாதீர்கள். கொஞ்சம் தள்ளியிருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி செல்சியஸ் அடித்திருக்கிறது. அவ்வளவு இல்லை என்றாலும் இன்று தகரக் கூரை 'டிக் டிக்' என்று விரிகிறது. அதோடு முழுத் தீத்தடை நாள் வேறு. இப்படிப்பட்ட நாளில் திறந்தவெளியில் வெல்டிங்கோ கிரைண்டரோ கூடாது. ஒரு பொறி போதும், புல் பற்றிக்கொள்ளும். முற்றத்தில் வெட்டுவதற்காகப் போட்ட குழாய்கள் போட்டபடி கிடக்கின்றன. உள்ளே மட்டும் என்ன, பெரியவரின் கை ஏற்கெனவே வெல்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. கதவிடுக்கில் காய்ந்த புல் தெரிகிறதே!

அப்படியானால் இன்றைக்கு என்ன? பேரிங்! இதைப் பார்க்காமல் போகவே கூடாது. உள்ளங்கையில் ஒரு பெரிய உருண்டை கிரீஸ். மற்றக் கையில் பேரிங். அதன் அகன்ற வாயைக் கிரீஸில் அழுத்தி அழுத்தி இழுக்கவேண்டும், மறுபக்கத்து உருளைகளின் இடுக்கில் கிரீஸ் புழுபோல எட்டிப்பார்க்கும் வரை. "நீங்களும் செய்து பாருங்கோ" என்றார் அண்ணை. செய்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அபாரச் சுகம். சுடிதாரில் பட்ட கறை இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

இந்த நாட்டில் ட்ரெய்லர் பேரிங் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கிற கேள்வி, "ஹோல்டனா, ஃபோர்டா?" இரண்டும் இங்கே ஓடிய கார்கள். ஃபோர்ட் 2016இல் இங்கே கார் செய்வதை நிறுத்திற்று. ஹோல்டன் 2017இல் ஆலையை மூடி, 2020இல் பெயரையே இழந்தது. பேரிங் அளவில் மட்டும் இரண்டும் சாகவில்லை. அண்ணையின் அச்சில் இருப்பது ஃபோர்ட் பேரிங். இழுக்கப்போவது டொயோட்டா பிராடோ. பெரியவரோ பரம்பரை ஹோல்டன் பக்தர். அவர் அந்தப் பேரிங்கைக் கையால் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அண்ணை போட்டது சரியில்லை என்று பத்து நிமிடத்தில் தானே பிடுங்கிப் போட்டார்.

பேரிங்கில் ஏன் இவ்வளவு அக்கறை? குடும்பம் போகப்போகிற பாதை அப்படி. தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீயிலிருந்து குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் மண்சாலை. இடையில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டிகள் ஓடி ஓடி மண்ணில் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அந்த நடுக்கத்தில் போல்ட் தானாகக் கழலும், ஷாக் அப்சார்பர் கொதிக்கும், பேரிங் அரைபடும். ஃப்ரிட்ஜில் அடுக்கிய அலுமினிய டின்கள் ஒன்றோடொன்று உரசி ஓட்டை விழுந்துவிடுமாம். அதனால்தான் கொடியில் அத்தனை பழைய காலுறைகள் காய்கின்றன. டின்னுக்கு ஒன்று! பிராடோவின் சக்கரமும் ட்ரெய்லரின் சக்கரமும் அச்சு அசலாக ஒன்றே, அதே ஆறு ஸ்டட், அதே டயர். ஒரு ஸ்டெப்னி எதற்கும் உதவும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம்கூடக் காருடையதே. மணலில் கார் போட்ட தடத்திலேயே ட்ரெய்லரும் சமர்த்தாக வரும்.

இன்னொரு சனிக்கிழமை. மேகமூட்டம், தீத்தடை இல்லை, கராஜே திருவிழாக் கோலம். வெல்டிங்! முகமூடி தந்தார்கள். நீல வெளிச்சம், பொரிகிற சத்தம், எரிந்த இரும்பின் வாசம். ஆனால் நான் நினைத்ததுபோல் இழுத்துவைத்து ஒட்டிவிடுவதில்லை. மூலைக்கு மூலை ஒரு பொட்டு வைப்பதுபோல டாக் அடித்துவிட்டு, டேப்பை எடுத்து மூலைவிட்டம் அளக்கிறார்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்தால்தான் மூலைகள் செங்கோணம். வரவில்லை. பட்டை போட்டு இறுக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி, திட்டி, மறுபடி அளந்து... கடைசியில் பெரியவர் தலையை ஆட்டினார். அதற்குமேல்தான் முழு ஒட்டு. அதுவும் இங்கே கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம். ஒரே பக்கம் சூடேறினால் சட்டம் கோணிக்கொள்ளும்.

குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு. அதைச் சுரண்டாமல் ஒட்டினால் வருகிற வெள்ளைப் புகை காய்ச்சல் கொடுக்கும். சுரண்டித்தான் ஒட்டினார்கள், கதவுகள் எல்லாம் திறந்து. ஆனாலும் பெரியவருக்குப் பால் வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் ஒரு டம்ளர் பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்பது அந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது என்று அண்ணையின் மனைவியான அக்கா இணையத்தில் தேடி வாசித்தே காட்டினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டம்ளரை நீட்டினார். இப்போது அக்கா அதில் கொஞ்சம் மஞ்சள் போட்டுத் தருகிறார், மிளகும். ஆதாரம் இல்லாத வைத்தியத்தில் யாழ்ப்பாணம் மட்டும் சளைத்ததா என்ன!

இப்போது உண்மையான போர்க்களத்துக்கு வாருங்கள்: பின்கதவை ஒட்டிய இழுப்பறைச் சமையலறை. இழுத்தால் அடுப்பு, இன்னொன்றை இழுத்தால் ஃப்ரிட்ஜ். அண்ணை வரைந்த படத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர.

"இஞ்சருங்கோ, என்ர திருவலை எங்க?"

"தேங்காய்ப்பூ பக்கெற்றில கிடைக்குது தானே?"

"அப்ப புட்டும் பக்கெற்றில வாங்கித் தின்னுங்கோ."

ஐயா, நான் அங்கே நின்றிருக்கக்கூடாது. ஆனால் நின்றேன், உங்களுக்காக. தேங்காய் திருவும்போது ஆள் அமுக்குகிற பலத்தை இழுப்பறை தாங்காது என்றார் அண்ணை. ஓடும்போது அதன் பல் தண்ணீர்ப் பையைக் கிழிக்கும் என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். மொழி புரியாத பெரியவர், விஷயத்தைச் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிச்சமிருந்த குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, இழுவைக்கம்பின் மேல் நிமிர்த்திவைத்து ஒட்டிவிட்டார். திருவலை அதற்குள் செருகி நிற்கும், வேலை முடிந்தால் கழற்றலாம். அக்கா வந்து உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அன்று மதியம் பெரியவருக்குச் சம்பலோடு இரண்டு தட்டுப் புட்டு. அண்ணைக்கு ஒன்று.

இருட்டிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பெட்டிக்குள் தூசி புகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மகளை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து மூடியைச் சாத்தினார்கள், தாழ் போடாமல், அப்பாவின் கை மூடியிலேயே. கராஜ் விளக்கை அணைத்தால், வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் நாளைக்குச் செம்மண் புகுகிற இடம். "இஞ்ச ஒண்டு! அங்க ஒண்டு!" என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனார்கள். உள்ளேயிருந்து குரல்: "அப்பா, நான் இதுக்குள்ளயே படுக்கட்டா?"

எடை பார்க்கிற படலமும் உண்டு. சரக்கேற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இழுவைக்கம்பின் மூக்கில் இறங்கவேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆட்டும். அதற்குப் பெரிய கருவி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தது அக்காவின் குளியலறைத் தராசு. அதன்மேல் ஒரு மரக்கட்டை, கட்டைமேல் ட்ரெய்லரின் மூக்கு. பெட்டிக்குள் சரக்காக அரிசி மூட்டைகளும் தண்ணீர்க் கேன்களும். முள்ளைப் படிக்க அண்ணை குனிய, அக்கா ஜன்னலிலிருந்து கத்தினார்: "உந்தத் தராசு ரெண்டு கிலோ கூடக் காட்டும், கழிச்சு எழுதுங்கோ!" அண்ணை கழிக்கவில்லை. தண்ணீர்க் கேனை மட்டும் ஒரு சாண் முன்னால் தள்ளிவைத்தார்.

பிறகு பின்னோக்கி ஓட்டும் ஒத்திகை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். தெருவில் நாய் நடத்த வந்தவர்கள் எல்லாம் நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணையின் மானத்தைக் காப்பாற்ற இதற்குமேல் எழுதமாட்டேன்.

மிச்சம் காகித வேலை. வீட்டில் செய்த ட்ரெய்லருக்கும் 'வி.எஸ்.பி. 1' என்கிற மத்திய அரசின் விதிநூல் உண்டு. அகலம், விளக்கு, சங்கிலி, பிரேக் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு. குழம்புக் கறையோடு அதன் அச்சுப்பிரதி ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது. எடைமேடைக்குப் போகவேண்டும், பரிசோதகர் பார்த்து 'புளூ ஸ்லிப்' தரவேண்டும். சட்டத்தின் கண்ணில் இந்தக் கராஜ் ஒரு தொழிற்சாலை, அண்ணை அதன் உற்பத்தியாளர். இழுவைக்கம்பில் ஒரு தகடு அடிக்கவேண்டும். அதில் அடையாள எண், செய்த மாதம், தாங்கும் எடை, அப்புறம் உற்பத்தியாளர் பெயர்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது. ஒட்டியது தன் கை என்பதால் தன் பெயர் என்கிறார் பெரியவர். காசு தன்னுடையது என்கிறார் அண்ணை. மகள் தான் வளர்க்கிற பூனையின் பெயரை எழுதிக்கூட வைத்துவிட்டாள். நான் கிளம்பும்போது படிவம் கிரீஸ் டப்பாவின் அடியில் கிடந்தது, அக்கா பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.