அடுக்களைச் சாமானும் ஆறு மாதக் குழந்தையும்

அலுவலகத்திலிருந்து திரும்பும் தகப்பனார் விலையுயர்ந்த பொம்மை ஒன்றை வாங்கி வந்து குழந்தையின் முன் வைக்கிறார். குழந்தையோ பொம்மையை ஒரு முறை நோக்கிவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டியைப் பற்றி இழுத்து வாயில் வைத்துக்கொள்கிறது. தில்லியிலோ மும்பையிலோ குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இக்காட்சியைக் காணாதவர் சிலரே. தகப்பனாருக்குச் சற்று மனத்தாங்கல் உண்டாவது இயல்பு. ஆயினும் குழந்தையின் தேர்வில் பிழை காண்பதற்கில்லை.

ஏறத்தாழ முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை புலன்களாலும் உடலசைவாலுமே உலகை அறிகின்றது என்று விளக்கினார் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே. பிளாஸ்டிக் பொம்மை பல வண்ணங்களில் இருக்கலாம். கைக்கும் வாய்க்கும் அது ஒரே வழவழப்புத்தான், மணமும் இல்லை. அடுக்களையிலுள்ள எவர்சில்வர் கரண்டியையும் மரக்கரண்டியையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் கிடப்பவையே. எனினும் வடநாட்டு மார்கழிக் காலையில் எவர்சில்வர் சில்லென்று சுடும். மரம் அவ்வாறு செய்யாது. உலோகம் கையின் வெப்பத்தை விரைந்து இழுத்துக்கொள்வதே காரணம். இப்பாடத்தை ஆறு மாதக் குழந்தை ஆசிரியரின்றியே கற்கிறது.

இதனை ஒரு முறையாக வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எலினோர் கோல்ட்ஷ்மீட் (1910–2009) என்ற அம்மையார். உட்காரக் கற்று, தவழத் தொடங்காத குழந்தைக்கு உருண்டையான, தாழ்ந்த, எளிதில் கவிழாத கூடை ஒன்றை அவர் பரிந்துரைத்தார். அதில் பிளாஸ்டிக் பொருளே கூடாது. மரம், உலோகம், துணி, நார் என வீட்டிலுள்ளவையே இருக்க வேண்டும். அவர் இட்ட பெயரைப் ‘புதையற் கூடை’ எனலாம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்குப் ‘புலன்வழி விளையாட்டு’ என்று கலைச்சொல் ஆக்குவது அரிதன்று. ஆனால் நம் பாட்டிமார் ‘குழந்தை சாமானை உருட்டுகிறது’ என்று சொன்னதும் இதைத்தானே?

நம் கூடைக்குப் பொருள் தேட அடுக்களையை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் உழக்கு, சிறு மத்து, விளிம்பு தேய்த்த தேங்காய்ச் சிரட்டை, பழைய பட்டுத் துணி, முரட்டுத் துண்டு ஆகியவை போதும். பித்தளைச் சாமான்களையும் ஈயம் பூசிய பழம் பாத்திரங்களையும் மட்டும் சேர்க்கற்க. ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்தவையாயினும் அவற்றில் காரீயம் கலந்திருக்கக்கூடும். குழந்தை எதையும் வாயில் வைக்காமல் விடாது. சாயம் பூசிய சாமானும் அத்தகையதே. ஏறத்தாழ மூன்றேகால் செண்டிமீட்டர் விட்டமுள்ள குழலுக்குள் நுழையும் எப்பொருளும் தொண்டையை அடைக்கவல்லது. தட்டில் பயறும் கடலையும் பரப்பி விளையாட விடுவது இக்காரணத்தாலேயே ஆபத்து. பொத்தான் வடிவ மின்கலம் எல்லாவற்றினும் கொடிது. விழுங்கினால் ஓரிரு மணி நேரத்தில் உணவுக்குழலைப் புண்ணாக்கும். அதனைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

கூடையை வைத்தபின் பெரியவர் செய்ய வேண்டுவது அருகில் அமர்ந்திருப்பது ஒன்றே. கரண்டியை இப்படிப் பிடி, அப்படித் தட்டு என்று கற்பிக்கலாகாது என்பது அம்மையாரின் கொள்கை. நமக்கு இது எளிதில் வராது. நாம் அறிவுரை கூறியே பழகியவர்கள்! ஆனால் அருகில் இராமல் சமையலைக் கவனிக்கச் செல்வதும் கூடாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், தாம் கேட்டறியாத இந்தி மொழியின் டகரத்தையும் தகரத்தையும் வேறுபிரித்து உணர்ந்தன. ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் பெரிதும் குன்றிவிட்டது. அப்படியானால் லகர, ளகர, ழகர வேறுபாடு நம் குழந்தையின் செவியில் தங்குவதற்குரிய காலமும் இதுவே எனக் கருத இடமுண்டு. பிற்காலத்தில் கற்க முடியாதென்பதில்லை, உழைப்பு மிகும். பக்கத்து வீட்டிலும் கடைத்தெருவிலும் வேறு மொழியே ஒலிக்குமிடத்தில், ழகரம் ஒலிப்பது பெரும்பாலும் நம் வீட்டிற்குள் மட்டுந்தான்.

அருகில் மௌனமாய் இருக்கச் சொல்லிவிட்டுப் பேசவும் சொல்வது முரணாகாதோ என்று கேட்கலாம். குழந்தை பொருளில் ஆழ்ந்திருக்கையில் மௌனம் நன்று. அது தலைநிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும்போது ‘உழக்கு’, ‘வழவழப்பாயிருக்கிறதா?’ என்று ஒன்றிரண்டு சொல் போதும். ஆட்டம் முடிந்து சாமான்களைக் கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கும்போது, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்து வைக்கலாம். வாரத்திற்கு இரண்டு பொருள்களை மாற்றிவரின் கூடை சலிக்காது. புதிய பெயர்களும் வந்து சேரும்.