தமிழ் தெரிந்தால் டச்சு பாதி சுலபம்

நெதர்லாந்தில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புகிறவர்கள் பலருக்கு, புறப்படும் முன்பே தூதரகத்தில் டச்சுத் தேர்வு உண்டு. 2006இல் வந்த விதி இது. (உயர்திறன் பணிக்கான அனுமதியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு விலக்கு உண்டு.) தேர்வில் டச்சு படிக்கவும் பேசவும் வேண்டும். தர்மபுரியிலோ அரூரிலோ இருந்துகொண்டு டச்சு வாத்தியாரைத் தேடி அலைய வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தொடங்கலாம்.

முதலில் ஸ்பெல்லிங். டச்சில் 'மன்' என்றால் ஆண். எழுத்துகள் எம், ஏ, என். 'மான்' என்றால் நிலா. நடுவில் இரண்டு ஏ. பன்மையில்தான் தடுமாற்றம். ஆண்கள் என்று எழுதும்போது என் இரட்டிக்கும். நிலாக்கள் என்று எழுதும்போது ஒரு ஏ காணாமல் போகும், ஆனாலும் உச்சரிப்பு நெடில்தான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள். நமக்கு ஏன் அந்தப் பாடு? கல், கல்லை, கால், காலை. தனிக்குறிலுக்குப் பின் மெய் இரட்டுகிறது, நெடிலுக்குப் பின் இரட்டுவதில்லை. அதே கணக்குதான்!

ஸ்பெல் செக்கை நம்பிவிடாதீர்கள். மன், மான் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு வராது.

சில எழுத்துகளின் தலையில் இரட்டைப் புள்ளி வரும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் சென்று, ஆங்கிலத்தின் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' கீபோர்டைச் சேருங்கள். பிறகு ஷிப்ட்டுடன் மேற்கோள் கீயைத் தட்டி, அடுத்து ஈ தட்டினால் புள்ளிகள் ஏறிவிடும். முதல் தட்டலில் திரையில் எதுவும் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

வாக்கிய அமைப்புக்கு வருவோம். 'ஹை கோப்ட் அன் கொம்ப்யூட்டர்' என்றால் அவன் கம்ப்யூட்டர் வாங்குகிறான். வினை இரண்டாம் இடத்தில், ஆங்கிலம் போல. ஆனால் 'ஏனென்றால்' என்று பொருள்படும் 'ஓம்தட்' முன்னால் வந்துவிட்டால், 'ஓம்தட் ஹை அன் கொம்ப்யூட்டர் கோப்ட்'. வினை நம் தமிழைப் போலக் கடைசிக்குப் போய்விட்டது, பாருங்கள்.

பழக ஒரு வழி: வேர்டிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலோ பத்துச் சிறு வாக்கியங்களை டைப் செய்யுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் 'ஓம்தட்' சேருங்கள். வினையைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எக்ஸ், வாக்கியக் கடைசியில் கன்ட்ரோல் வி. மாற்றியதை வாய்விட்டுப் படியுங்கள்.