பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். மனம் திறந்து பேசலாம்!

பொதட்டூர்பேட்டை. திருத்தணி முருகன் மலைக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். அங்கே தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்ணில் படும். முடிச்சுப் போட்டுச் சரி செய்துவிடுவார்கள். மனதில் ஓர் இழை அறுந்தால்? யாரிடம் சொல்வது?

இதுபோன்ற ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். மனநல டாக்டரைப் பார்க்க பஸ் ஏறினால், மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். "பெண் கொடுப்பார்களா? கடன் கொடுப்பார்களா?" என்று அஞ்சி, துன்பத்தை மனதுக்குள்ளேயே பூட்டி வைப்பவர்கள் பலர்.

அவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெயரைச் சொல்லாமலே, முன்பின் தெரியாத ஒருவரிடம் மனச்சுமையை இறக்கி வைப்பதுதான் அது! இப்போது அதற்காகச் செல்போன் 'ஆப்'கள் வந்திருக்கின்றன. ஆனால் இந்த யோசனை செல்போனுக்கு மிகவும் மூத்தது.

சிறுமியின் சாவு

1935-ம் ஆண்டு. இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் சவ அடக்கத்தை நடத்தினார். அவள் பூப்பெய்தியிருந்தாள். அதைக் கொடிய நோய் என்று எண்ணி உயிரை விட்டுவிட்டாள்! கேட்பதற்கு அவளுக்கு ஒருவரும் இல்லை.

அந்தச் சாவைப் பாதிரியார் மறக்கவில்லை. 1953 நவம்பரில், லண்டனில் உள்ள தமது தேவாலயத்தில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, "சாக நினைப்பவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்" என்று அறிவித்தார்.

தேநீர் கொடுத்தவர்கள்

கூட்டம் பெருகியது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். அப்போது ஓர் அதிசயம் நடந்தது! காத்திருந்தவர்களில் பலர் தொண்டர்களிடமே மனம்விட்டுப் பேசினார்கள். பாரம் குறைந்து, பாதிரியாரைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள்.

தொண்டர்கள் வைத்தியர்கள் அல்ல. புத்தி சொல்லவும் இல்லை. காது கொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்! வாரா உண்மையைப் புரிந்துகொண்டார். 1954-ல் டெலிபோனைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்ற சங்கம் இப்படித்தான் வளர்ந்தது.

சென்னையில் 1986-ம் ஆண்டில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' நிலையத்தை நிறுவினார். அங்கேயும் பேசுபவரின் ரகசியம் காக்கப்படுகிறது. கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அமெரிக்காவில் 2013-ல் தோன்றிய 'செவன் கப்ஸ்', இதே பணியைக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் எழுத்து மூலம் செய்யத் தொடங்கியது.

பெயரை மறைத்தால் போதுமா?

புனைபெயரில் இருவர் செய்தி அனுப்பிக்கொள்ள ஓர் ஆப் செய்வது கடினமல்ல. கடினமான வேலை வேறு.

சின்ன ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் ஆளை மறைக்க முடியாது. "கோயில் தெருவில் நாலு தறி ஓட்டுகிறேன், இரண்டு பெண்கள்" என்று எழுதினால், உள்ளூர்க்காரர் உடனே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்! எனவே கேட்பவர் வேறு ஊர்க்காரராக இருக்க வேண்டும். ஆனால் பாஷை தெரிந்திருக்க வேண்டும். எல்லைப்புறத்தில் தமிழும் வேண்டும், தெலுங்கும் வேண்டும்.

ஆப்புக்கு போனில் உள்ள முகவரிப் பட்டியல் எதற்கு? இருக்கும் இடம் எதற்கு? தேவையில்லாததைக் கேட்கவே கூடாது. சேர்த்து வைக்காத ரகசியம் திருட்டுப் போகாது அல்லவா?

மற்றோர் ஆபத்தும் உண்டு. முகமூடி நல்லவருக்கும் உதவும், கெட்டவருக்கும் உதவும். ஆறுதல் சொல்வதுபோல் வந்து பணம் கேட்பவன், பெண்களிடம் வம்பு செய்பவன் ஆகியோரை உடனே வெளியேற்ற ஆட்கள் கண்காணிக்க வேண்டும். கேட்பவர்களுக்குப் பயிற்சி தேவை. அவர்களுக்கும் மனம் கனக்கும்; அவர்கள் இளைப்பாறவும் ஏற்பாடு வேண்டும்.

உயிரா, ரகசியமா?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இது: "இன்றிரவே என் கதையை முடித்துக்கொள்வேன்" என்று ஒருவர் எழுதினால் என்ன செய்வது? பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எப்படி உதவி அனுப்புவது?

இதற்கு ஒரே பதில், முன்கூட்டியே உண்மையைச் சொல்வதுதான். எந்த நிலையில் ரகசியம் உடைக்கப்படும் என்பதை முதல் பக்கத்திலேயே, எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும். ஆபத்துக் காலத்தில் அனுபவசாலி ஒருவர் உடனே பேச்சை ஏற்க வேண்டும். அரசாங்க உதவி எண் ஒரே தட்டில் கிடைக்க வேண்டும். தோழமை பெரிய மருந்துதான். ஆனால் டாக்டர் தர வேண்டிய மருந்துக்கு அது ஈடாகாது.

1953-ல் டெலிபோன். இன்று செல்போன். நாளை வேறொன்று வரலாம். கருவி எதுவானாலும், மறுமுனையில் பொறுமையாகக் கேட்கும் ஒரு மனிதர் இருந்தால்தான் அதற்கு உயிர் உண்டு. அந்தச் சிறுமிக்குக் கிடைக்காதது அதுதானே!

(மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னை 'சிநேகா' எண்: 044-24640050.)